மாம்பழ வாசனை

நோன்புப் பெருநாள் நெருங்கினால் போதும், ரோஸ்னானியின் காப்பகத்துக்குப் பூனைகள் வந்து சேர ஆரம்பித்துவிடும்.

ஊருக்குப் போகிறோம், புது சோபா வாங்கியிருக்கிறோம், மாமியாருக்கு ஆகாது. இந்தப் பதினான்கு வருடத்தில் அவள் கேட்காத சாக்கு கிடையாது.

அன்று மதியம் வந்தவள் ஒரு சாக்குகூடச் சொல்லவில்லை. முப்பது வயதிருக்கும். பெயர் மஸ்லினா என்றாள். அட்டைப்பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தாள். உள்ளே கருப்பட்டி நிறத்தில் ஒரு பூனை, ஒடுங்கிப்போய்க் கிடந்தது.

"பேரு டோடோல். எட்டு வயசாகுது. வச்சுக்க முடியலைக்கா."

"ஏன் முடியலை?"

மஸ்லினா பூனையின் முதுகைத் தடவினாள். ரோஸ்னானி படிவத்தை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில், 'சலித்துவிட்டது' என்று தானே எழுதிக்கொண்டாள்.

"ஊரெல்லாம் பெருநாளுக்கு டோடோல் அல்வா கிண்டிக்கிட்டு இருக்கு. நீ வீட்ல இருக்கற டோடோலைக் கொண்டுவந்து தள்ளுற. நல்லா இருக்கும்மா."

மஸ்லினா தலைத்துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றாள். வயதானால் வீட்டு மனுஷர்களையும் இப்படித்தான் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுவாயா என்று ரோஸ்னானி கேட்டாள். எட்டு வருடம் மடியில் தூங்கின ஜீவன், இன்று ராத்திரி கம்பிக்கூண்டுக்குள் உன்னைத்தான் தேடும் என்றாள். நோன்பு வாயோடு இவ்வளவு பேசக்கூடாதுதான். ஆனால் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தால் அவளால் வாயை அடக்க முடிவதில்லை.

மஸ்லினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பையிலிருந்து பூனையின் சீப்பு, சாப்பாட்டுத் தட்டு, மருந்துப் பொட்டலம் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

அப்போதுதான் டோடோல் இரும ஆரம்பித்தது. உடம்பைப் பெட்டியின் அடியோடு ஒட்டவைத்துக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, விலாவெல்லாம் உள்ளே போய் வர, விடாமல் இருமியது. ரோஸ்னானி பதறிப்போய் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ரோமத்தில் பழுத்த மாம்பழ வாசனை அடித்தது.

"வீட்ல யாரு ஊதுறது?"

"சிகரெட் யாரும் குடிக்கிறதில்லக்கா."

"நான் சிகரெட்டுன்னு சொல்லலையே."

மஸ்லினா மேசையிலிருந்த சீப்பை எடுத்து மறுபடி வைத்தாள். பிறகு, அவர்தான், மின்சிகரெட், வேப் என்றாள்.

அவள் புருஷன் ஃபாட்லி லாரி ஓட்டுகிறவன். பகலெல்லாம் நோன்பு. நோன்பு திறந்த கையோடு அந்தக் குழலை எடுத்தால் விடியும்வரை கீழே வைப்பதில்லை. ஒன்பதாவது மாடியில் ஓர் அறையும் ஒரு கூடமும்தான் வீடு. ஏசி ஓடும், ஜன்னல் சாத்தியிருக்கும். பூனையைக் கூடத்தில் விட்டாலும் கதவிடுக்கு வழியாக அந்தப் புகை வந்துவிடும். பூனையின் மேலெல்லாம் படியும். அதையும் அது நக்கி நக்கி விழுங்கும்.

போன மாதமே மிருக டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் காற்றிலேயே வைத்துக்கொண்டு மருந்து கொடுத்துப் பிரயோசனமில்லை, ஒன்று அவர் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பூனை வெளியேற வேண்டும் என்று.

"நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்க்கா. ரெண்டு நாள் நிறுத்தினார். அவர் கெட்டவர் இல்ல. ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட் குடிச்சவர், அதை விட்டுட்டேனேன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிறார். இது வெறும் ஆவிதானாம். வாசனையாத்தானே இருக்குங்கிறார்."

ரோஸ்னானிக்கு அந்த ஆள்மேல் வந்த கோபம் இவள்மேலேயே திரும்பியது. பூனையை விட்டுவிடத் துணிந்தவளுக்குப் புருஷனை விடத் துணிச்சல் இல்லையா என்று கேட்டுவிட்டாள்.

கையுறைத் தொழிற்சாலையில் இருந்த வேலை போய் ஒரு வருடமாகிறது, அம்மா வீடு என்று ஒன்று இல்லை என்றாள் மஸ்லினா. புகார் சொல்கிற குரலே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ரோஸ்னானி படிவத்தில் எழுதியதை அடித்தாள். டோடோலுக்கு ஜன்னலோரத்தில் ஒரு கூண்டைத் துடைத்துக் கொடுத்தாள். இருமல் அடங்கியிருந்தது. பூனை மூலைக்குப் போய் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. மஸ்லினா கம்பிக்குள் விரலை விட்டுக் கூப்பிட்டாள். அது திரும்பிப் பார்க்கவில்லை.

"கவலைப்படாதே. இங்க யாரும் ஊத மாட்டாங்க. சுத்தமான காத்து. ஒரு மாசத்துல மூச்சு சீராயிடும், பாரேன்," என்றாள் ரோஸ்னானி. கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டோமோ என்று இருந்தது. "வாயில்லா ஜீவன். அதை அந்த வீட்டை விட்டு வெளிய கொண்டுவர ஒரு ஆளாவது இருந்துச்சே, அதுவே பெரிசு."

"ஒரு மாசம் போதுமாக்கா?"

"தாராளமா."

மஸ்லினா காலிப் பெட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"என் பொண்ணுக்கும் ஆறு மாசமா இந்த இருமல்தான். நாலு வயசு ஆகுது," என்றாள். "பிள்ளைங்கள வாங்கிக்கிற இடம் எங்கயாவது இருக்காக்கா?"