துண்டிக்காத அழைப்பு

“அயர்லாந்துக் கடற்கரையோரமாவே கார்ல சுத்திட்டு, இப்பதான்ப்பா ஒரு பப்புக்குச் சாப்பிட வந்திருக்கோம். நீங்களும் சாப்பிடுங்க, வெச்சிடறேன்” என்றான் சாலமன் வீடியோவில்.

ஆனால் போனை அணைக்காமலே மேசையில் சாய்த்து வைத்துவிட்டான்.

மனைவி இறந்தபின் ஓசூர் வீட்டில் தனியாகச் சாப்பிடும் எபினேசர், அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். சொன்னால் அணைத்துவிடுவார்களே! ஜெபத்தை மனதுக்குள்ளேயே முடித்தார். அப்பளத்தைக்கூட நொறுக்காமல், அவர்கள் சிரிப்பையும், அந்த ஊர்க்காரர்கள் கூடி வாசித்த வயலினையும் கேட்டபடி சாப்பிட்டார்.

ரசத்துக்கு வந்தபோது மருமகள் ப்ரீதா கிசுகிசுப்பது கேட்டது.

“ஏங்க, மாமா கை கழுவற வரைக்கும் கட் பண்ணிடாதீங்க. நாம மறந்துட்டோம்னே நெனச்சுக்கட்டும். தெரிஞ்சா, ‘உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு’ன்னு அவரே வெச்சிடுவாரு.”

எபினேசர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.