ஒரே வரி நிரல்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கின் மாடியில் பாண்டிச்செல்வி வெறுமையான திரையை முறைத்துக்கொண்டிருக்கிறாள். கீழே லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. மூட்டைப் பட்டியல் கைக்கு வந்தால்தான் நாலு மணிக்குள் துறைமுகம் சேரும். வடிகட்டி, மாற்றி, அடுக்கி, கூட்டும் ஒன்பது வேலைகளையும் புள்ளி வைத்துக் கோத்து ஒரே வரிக் கணினி நிரலாக்கிய மேதை ஜிதின், பின்னால் நின்று சாயா உறிஞ்சுகிறார். பட்டியலிலிருந்து மூட்டைகள் எந்தப் புள்ளியில் தொலைந்தன என்று அந்த வரி வாய் திறக்காது. "முறிச்சுப் பாக்கட்டா சேட்டா?" என்கிறாள். "எடோ, அதிண்ட அழகு போகும்." அவள் கேளாமல் என்டர் தட்டித் தட்டி ஒன்பது வரியாக்குகிறாள். இரண்டாவதில் அகப்படுகிறது: குவிண்டாலைக் கிலோவாக்கும் முன்பே, ஐம்பதுக்குக் குறைந்த மூட்டையைத் தள்ளச் சொல்லியிருக்கிறார். அரைக் குவிண்டால் மூட்டைகள், ஐம்பது கிலோவாகாமல் வெறும் அரையாகவே நின்று, மொத்தமும் அவுட். கீழே உறுமல் அடங்குகிறது, மணி நாலேகால். "லாரி நாளையும் வரும்," என்கிறார் ஜிதின், "இதுபோலொரு வரி இனி கிட்டுமோ?"