பத்துக்கு மூன்று

திரையில் அந்தப் பெண் மறுபடியும் விழுந்தாள்.

கிணற்றின் உட்சுவரில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஒரு தாவல். அவ்வளவுதான். அவன் பட்டனை அழுத்தினான். அவள் தாவுவதற்குள் கால் வழுக்கியது. அடியில் தண்ணீர்ச் சத்தம்.

கையிலிருந்தது புது கன்ட்ரோலர். காலையில்தான் கூரியரில் வந்தது.

'கிணறு' என்ற இந்த வீடியோ விளையாட்டைச் செய்தவர்கள் அவனுடைய பழைய கன்ட்ரோலரைச் சந்தேகப்பட்டிருந்தார்கள். சேலத்தில் ஒரு மாடி அறையில் நான்கு பேர். யூடியூபில் அவன் போட்ட விமர்சனத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார்கள்.

'சேவியர் அண்ணா, நீங்க சொன்ன தாமதம் எங்களுக்கு வரவே இல்ல. எல்லா மெஷின்லயும் போட்டுப் பாத்துட்டோம். உங்க கன்ட்ரோலர் பழசாகியிருக்கலாம். ஒரு தடவை மாத்திப் பாருங்களேன்.'

அவர்கள் சொல்வது பொய் என்று காட்டத்தான் புதியதை வாங்கினான்.

விமர்சனத்தில் அதற்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் கொடுத்திருந்தான். தமிழில் விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்களில் அவன் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அவன் பேசிய மறுநாளிலிருந்து அதை வாங்க ஆளில்லை.

"அழுத்தினா, யோசிச்சுட்டுத் தாவுறா," என்று அந்தக் காணொளியில் சொல்லியிருந்தான். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதற்கு முன்பு வந்த கார் பந்தய விளையாட்டு, சேற்றில் ஓட்டுவது போல இருக்கிறது என்றான். குத்துச்சண்டையில், நான் கையை ஓங்குவதற்குள் எதிராளி வீட்டுக்கே போய்விடுகிறான் என்றான்.

இந்த வருடம் வந்த எதுவுமே அவனுக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் மந்தம்.

மறுபடியும் தண்ணீர்ச் சத்தம்.

ரெஜினா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை இறக்கினாள். அவன் கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்தான்.

"புதுசுலயும் அதேதான். புளுகுறானுங்க."

அவன் மனைவி இதுவரை எந்த விளையாட்டையும் தொட்டதில்லை. சும்மா எடுத்துப் பார்த்தாள். தாவுவதற்கு எது என்று கேட்டாள். காட்டினான்.

முதல் தடவை தவறியது.

இரண்டாம் தடவை அடுத்த கல்லில் கால் பதிந்தது.

அதற்கும் மேலே ஒரு கல். அதற்கும் மேலே, சுவரைப் பிளந்து முளைத்த ஓர் அரசங்கன்று. அதன் வேரைப் பிடித்து அந்தப் பெண் ஏறினாள். இலைகளுக்கு நடுவே வெயில் இறங்கியது. பொந்துகளிலிருந்து புறாக்கள் கூட்டமாகக் கிளம்பின.

அவன் அந்தப் புறாக்களைப் பார்த்ததே இல்லை.

மேலே போனாலும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தான்.

"நல்லாத்தானங்க இருக்கு," ரெஜினா சிரித்தாள். "அழுத்துனதும் தாவுறாளே."

திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் கிடந்தது. கட்டைவிரல் மட்டும், எதையோ உருட்டுவது போல, தானாக அசைந்துகொண்டிருந்தது.

"சட்டை மாட்டக்கூட இப்பல்லாம் நேரமாகுது உங்களுக்கு," என்றாள் மெதுவாக. "கேட்டா எரிஞ்சு விழுவீங்கன்னுதான் கேக்கல."

அவன் எரிந்து விழவில்லை.

பாளையங்கோட்டையில் நரம்பு மருத்துவர், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை தொடங்கியது. தட்டல் சிறுத்துக்கொண்டே வந்தது. நின்றது.

பார்க்கின்சன் என்றார்.

"இந்த வயசுலயா டாக்டர்?" என்று ரெஜினா கேட்டாள்.

சிலருக்கு வரும் என்றார். மாத்திரை இருக்கிறது. கொஞ்ச காலம் நன்றாகவே இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தான். மூன்று விளையாட்டுகளின் பெயரையும் சொன்னான். அவற்றில் எந்தக் குறையும் இல்லை என்றான். கையைத் தூக்கிக் காட்டினான்.

அவன் போட்ட எதையும் இத்தனை பேர் பார்த்ததில்லை. அழுதார்கள். பிரார்த்தனை செய்வதாகச் சொன்னார்கள். மூலிகை வைத்தியர்களின் நம்பர்களை அனுப்பினார்கள். தைரியசாலி என்றார்கள்.

'கிணறு' விளையாட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சேலத்திலிருந்து மட்டும் ஒரு செய்தி வந்தது.

'பாத்தோம் அண்ணா. கேமை போன வாரமே விற்பனையிலேர்ந்து எடுத்துட்டோம். ரூமையும் காலி பண்ணியாச்சு. நீங்க உடம்பைப் பாத்துக்குங்க.'

 ஃபோனிலேயே பதில் எழுத ஆரம்பித்தான். விரல் வேறு எழுத்தில் விழுந்தது. அழித்தான். மறுபடியும் விழுந்தது.

ரெஜினா ஃபோனுக்காகக் கையை நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க. நான் அடிக்கிறேன்."

அவன் கொடுக்கவில்லை.