தபால்காரி ஏன் சிரிக்கவில்லை?

லண்டன் நாவலாசிரியர் காலின், தமிழில் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு தூத்துக்குடி ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். உலகமே தமிழில் கேட்கும் நேர்காணல் அது. நடத்துபவர் எழுத்தாளர் எஸ்தர் ரூபி.

“அக்கா, காலினோட நாடு ஏன் இப்படிச் சரிஞ்சிச்சுன்னு கேளுங்க. எல்லாரும் அதுக்குத்தான் காத்திருக்காங்க” என்று தயாரிப்பாளர் எஸ்தரின் காதுக்கருவியில் அவசரப்படுத்தினார்.

ஒரு காலத்தில் லண்டன் மேடைகளில் எஸ்தரிடமும் வறுமையையும் சாதியையும் பற்றித்தான் கேட்டார்கள். அவருடைய நாவலை ஒருவரும் பிரித்திருக்கவில்லை. எஸ்தர் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“உங்க நாவல்ல அந்தத் தபால்காரி கடைசிவரைக்கும் ஏன் சிரிக்கவே இல்ல?”

காலின் திகைத்தார். மனப்பாடம் செய்த எதிலும் அவள் இல்லை.

“நாவலைப் படித்தீர்களா?”

“படிக்காம கூப்பிடுறதுக்கு இது என்ன உங்க ஊரா?” என்றார் எஸ்தர்.