சத்தம் போன வான்

நான் வானைத் திருத்திக் கொடுத்த அன்றே காளியப்பன் அண்ணனை அவர் மனைவி வீட்டுக்குள் விடவில்லை. மறுநாள் காலை, பாமன்கடையில் என் கராஜ் வாசலுக்கு அந்த வெள்ளை வான் பூனை மாதிரி வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அது வந்ததே தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ராத்திரி பூரா வான்லதான் படுத்தேன் பாஸ்" என்றார் அண்ணன். "பொலிஸ்காரன் ரெண்டு தடவ தட்டி ஐ.சி. கார்ட வாங்கிப் பாத்தான்."

"அண்ணி துரத்திட்டாவோ? வெறுங்கையோட போனீங்களாக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "பழையபடி டக்குடக்குன்னு அடிக்கிற மாதிரி வச்சிக் குடுங்க."

முந்தின நாள் பிரேக் பார்க்கத்தான் அவர் வானை விட்டிருந்தார். எஞ்சினுக்குள் டீசல் நேரத்துக்கு முன்பே பாய்ந்து, தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குவது போலச் சத்தம். பொறுக்க முடியாமல் நானாகவே டீசல் பம்பைத் தளர்த்தி, மயிரிழை திருப்பி, பாய்கிற நேரத்தைச் சரிசெய்தேன். அதுவும் இனாமாக. என் கையில் முதல் தடவையிலேயே சரிவருகிற வேலைகள் அபூர்வம்; அதையும் கெடுக்கச் சொல்கிறார்.

"எஞ்சின் நாசமாப் போயிடும் அண்ணே."

"போகட்டும்."

"இழுவை குறையும். டீசல் குடிக்கும்."

"குடிக்கட்டும். இன்னைக்கும் இருட்டின பொறகுதான் வீட்டுக்குப் போவேன். அவ தொறக்கணும் பாஸ்."

பம்பின் நட்டுகளைத் தளர்த்தினேன். கை வேலை செய்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணிக்குச் சத்தம்தான் பிடிக்குமெண்டா நல்ல ஹோர்ன் ஒண்டு பூட்டித் தாறன்."

"ஹோர்ன் எவனும் அடிப்பான்."

"வீட்டு பெல்லை அடிச்சுப் பாத்தீங்களா?"

"அடிச்சேன். உள்ள லைட்ட அணைச்சிட்டா. விடிஞ்ச பொறகு கதவு இடுக்கால என் மூஞ்சியப் பாத்துதான் தொறந்தா."

எஞ்சினை முடுக்கினேன். அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம்."

மறுபடி திருப்பினேன். கூரைத் தகரம் அதிர்ந்தது. கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

"இதுதான்" என்றார். குரலில் சந்தோஷமும் இல்லை, சலிப்பும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணே இது? வாசல்ல நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டா, சொந்தப் புருஷன்ட குரல் அண்ணிக்குத் தெரியாதோ?"

அண்ணன் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"எங்க மகனக் கொண்டு போனவங்க, தெரிஞ்ச ஆள விட்டுத்தான் பேர் சொல்லிக் கூப்பிட வச்சாங்க பாஸ்."