ஆறிப்போன பர்கர்

வெளிநாட்டுச் சுற்றுலாவில், அமெரிக்க பர்கர் கடை ஒன்று. மனைவி ஆர்டர் கொடுத்து அரை மணி நேரம் ஆயிற்று. கவுண்ட்டருக்கு முதுகைக் காட்டியபடி கைபேசியில் மூழ்கியிருந்தார் கணவர்.

"என்னங்க!"

"பொறுடி, எனக்கும்தான் வயிறு காந்துது."

மறுபடியும், "என்னங்க!"

"சும்மா நைநைன்னு உயிரை எடுக்காதே!"

"நான் வாயே திறக்கலீங்க!"

"பின்ன, அசரீரியா கூப்பிடுது?"

பின்னால் வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பொறுமையிழந்தவர் எழுந்துபோய் கவுண்ட்டரில் கத்தினார்.

அங்கிருந்த வெளிநாட்டுப் பெண் பொட்டலத்தை நீட்டி ஆங்கிலத்தில் சொன்னாள்: "எத்தனை தடவை கூப்பிட்டேன், ஸார்! யார் பேர்ல ஆர்டர்னு கேட்டதும், உங்க மனைவி உங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்ன பேர்தானே இது?"

பொட்டலத்தின்மேல் ஆங்கில எழுத்துகளில் பெரிதாக இருந்தது: 'மிஸ்டர் என்னங்க.'