பவளம் விரியும் காலை

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஜன்னல் வழியாகக் கண்ணாடித் தொட்டியில் விழுகிறது. முத்துமணி அதன் முன் ஸ்டூலில் உட்கார்ந்து சோதனைக் குழாயைக் குலுக்குகிறாள். தொட்டியில் இருப்பது உப்புநீர். பாறையில் ஒட்டிய பவளம் சில நாட்களாக மூடியே கிடக்கிறது. சீக்கிரம் வளரட்டும் என்று அவள் கணவன் தமிழரசன் கால்சியத்தை மொத்தமாகக் கொட்டியதில் தண்ணீர் பால்போலக் கலங்கி, அதன் காரத்தன்மை இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் காரக் கரைசலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வருகிறாள். திருமணத்துக்குப் பிறகே அவள் ஊரான தூத்துக்குடியில் முதன்முதலாகக் கடலைப் பார்த்த உத்தனப்பள்ளிக்காரன் அவன். இப்போது கதவருகிலேயே நிற்கிறான்.

“என்னா ஆச்சு? செத்துப்போச்சா?”

அவள் குழாயில் சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். நிறம் மாற எத்தனை சொட்டு கூடுதலாக வேண்டுமோ, தண்ணீரில் காரம் அவ்வளவு கூடுதல். நேற்று மஞ்சளாக மாறிய சொட்டிலும் இன்று நீலம் நீடிக்கிறது. அடுத்த சொட்டில்தான் மஞ்சள்.

“கூடிட்டு! காரம் சரியாயிட்டு. இனி கால்சியமும் கொஞ்சங்கொஞ்சமா விடலாம். இங்க வந்து பாருங்க.”

பவளத்தின் ஓரத்தில் விரல்போன்ற பச்சை இழை ஒன்று நீள்கிறது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அத்தனையும் நீரோட்டத்தில் அசைகின்றன. ஆரஞ்சு நிற மீன் ஒன்று உள்ளே முகம் நுழைத்துப் புரள்கிறது. முத்துமணி கால்சியக் கரைசலைச் சிறு மூடியில் அளந்து அவனிடம் நீட்டுகிறாள்.

“நானா? வேணாம்மா!”

“நீங்கதான். மெதுவா ஊத்துங்க.”

அவன் உதட்டைக் கடித்தபடி நூல்போல ஊற்றுகிறான். தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது.

“மூச்சு விடுங்க,” என்று அவள் சிரிக்கிறாள்.